பிசின் வடியும் மாமரம்: தறிப்பதா, காப்பாற்றுவதா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சி உருத்திரபுரத்தில் ஒரு வீட்டு வளவு. அதில் முப்பது வயதுக்கு மேற்பட்ட கறுத்தக்கொழும்பான் மாமரம். அடிமரத்தின் சுற்றளவு ஆறு அடி. வீட்டுக் கூரைக்கும் மரத்துக்கும் இடையே பன்னிரண்டு அடிதான். இரண்டு வருடமாகக் கிழக்குப் பக்கக் கொப்புகள் நுனியிலிருந்து காய்ந்து வருகின்றன. இடுப்பளவு உயரத்தில் பட்டை வெடித்துப் பிசின் வடிகிறது. அடியில் மரத்தூள் கொட்டிக் கிடக்கிறது. அயலில் ஒருவர் தறிக்கச் சொல்கிறார், இன்னொருவர் பொந்தைச் சீமெந்தால் அடைக்கச் சொல்கிறார், கடையில் ஒரு போத்தல் மருந்து தந்திருக்கிறார்கள். எதைச் செய்வது?

மருந்துப் போத்தலை இப்போதைக்குத் திறக்க வேண்டாம். கோடரியையும் எடுக்க வேண்டாம். ஒரு சிறிய மண்வெட்டியோடு மரத்தின் அடிக்குப் போங்கள்.

காய்ந்த கொப்பு, பிசின், மரத்தூள் மூன்றும் மூன்று வருத்தங்கள் போலத் தெரியும். பெரும்பாலும் அவை ஒன்றன் பின் ஒன்றாக வந்தவை. வளவில் நிற்கும் மாமரம் திடமாக இருக்கும்வரை பூஞ்சணமும் வண்டும் அதை எளிதில் விழுத்துவதில்லை. வேர் மூச்சுத் திணறியோ, வரட்சியில் வாடியோ, அடிப்பட்டை காயப்பட்டோ மரம் தளர்ந்த பிறகுதான் பூஞ்சணம் கொப்பில் இறங்குகிறது, துளைவண்டு அடிமரத்தில் முட்டை வைக்கிறது. மேலே தெரிவதற்கு மட்டும் மருந்தடித்தால் இரண்டு போகம் கழித்து மரம் அதே நிலைக்குத் திரும்பும். அதனால் கீழிருந்து மேலாகப் பார்க்க வேண்டும்.

நல்ல மாமரத்தின் அடி நிலத்தைத் தொடும் இடத்தில் யானைக்கால் போல அகன்று வேராகப் பிரியும். அந்த இடத்தைக் கழுத்து என்போம். உங்கள் மரம் நட்ட தூண் மாதிரி நேராக மண்ணுக்குள் இறங்குகிறதா? அப்படியென்றால் கழுத்து புதைந்து கிடக்கிறது. வன்னியில் இது மிகச் சாதாரணம். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு, 2010க்குப் பின் கட்டிய வீடுகளில் வெள்ளம் ஏறாமல் இருக்க வளவு முழுவதும் கிறவல் பரப்பி ஓரடி, இரண்டடி உயர்த்தினார்கள். ஏற்கெனவே நின்ற மரத்தைச் சுற்றியும் கிறவல் ஏறியது. மாமரத்துக்கு உணவெடுக்கும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் முதல் ஒன்றரை அடிக்குள் இருக்கிறது. அதன்மேல் இறுகிய கிறவல் ஏறினால் காற்று போகாது. அடிமரப் பட்டையும் வேர்ப்பட்டை போல ஈரத்தில் கிடக்கப் பழகியதல்ல. மாரி முழுக்க ஈர மண் அதை அணைத்துக்கொண்டிருந்தால் உக்கத் தொடங்கும். இதன் விளைவு உடனே தெரியாது. மண் போட்டு ஐந்து, பத்து வருடம் கழித்து ஒரு பக்கக் கொப்புகள் காயும்போது பழைய கிறவலை யாரும் நினைப்பதில்லை.

கழுத்தைத் தோண்டும்போது அலவாங்கு பாவிக்க வேண்டாம், வேர்ப்பட்டை கிழியும். சிறு மண்வெட்டியாலும் கையாலும் மரத்தைச் சுற்றி இரண்டு தொடக்கம் மூன்று அடி அகலத்துக்கு மண்ணை மெதுவாக எடுங்கள். வேர் பிரியும் இடம் கண்ணுக்குத் தெரிந்ததும் நிறுத்துங்கள். தோண்டிய இடம் மாரியில் குளமாகாமல் ஒரு பக்கம் வாய்க்கால் வெட்டிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் தோண்டியதே தீமையாக முடியும். மரத்தடி வரை சீமெந்து நிலம் போட்டிருந்தால் குறைந்தது மூன்றடிக்கு உடைத்து எடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நம் நிலத்தில் அதைச் சொல்லாமல் விட முடியாது. தோண்டும்போது துருப்பிடித்த உருளை, கூம்பு, பிளாஸ்ரிக் வட்டு எதுவானாலும் கண்டால் கையை எடுத்துவிடுங்கள். தட்ட வேண்டாம், இழுக்க வேண்டாம், எடுத்து அப்பால் வைக்கவும் வேண்டாம். இடத்தை அடையாளப்படுத்திவிட்டுப் பொலிசுக்கு அறிவியுங்கள். கண்ணிவெடி அகற்றிய காணியென்று கடிதம் இருந்தாலும் இதில் அசட்டை கூடாது.

கழுத்து வெளியே வந்ததும் அதைச் சுற்றிப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். நலமான பட்டையில் மண்வாசம்தான் இருக்கும். புளித்த மணமோ அழுகிய மணமோ வந்தால் உள்ளே உக்கல் இருக்கிறது. கொடிக்கம்பி, ஆட்டுக்கயிறு, முட்கம்பி அடிமரத்தை நெரித்துக்கொண்டிருந்தால் வெட்டி அகற்றுங்கள். பட்டை கம்பியை விழுங்கிவிட்டது என்றால் தோண்டி இழுக்காமல் இரு பக்கமும் நறுக்கிவிட்டு உள்ளே இருப்பதை விட்டுவிடுங்கள். குப்பை கூட்டி எரிப்பது மரத்தடியிலா என்றும் யோசியுங்கள். தீ படும் பக்கத்துப் பட்டை வெளியே கருகாமலே உள்ளே வெந்து போகும். பிறகு அந்தப் பக்கத்துக் கொப்புத்தான் முதலில் காயும்.

கழுத்திலோ தடித்த வேரிலோ தட்டுப்போல ஒட்டிக்கொண்டு வளரும் காளான் இருக்கிறதா? மேல்பக்கம் செம்மண்ணிறத்தில் மெருகு பூசியது போலவும் விளிம்பு வெள்ளையாகவும் கட்டையாகவும் இருந்தால் அது கனோடெர்மா. அந்தக் காளானைச் சீவி எறிவதால் எதுவும் ஆகாது. அது வெளியே தெரிகிறதென்றால் உள்ளே மரத்தின் கட்டை நெடுநாளாகத் தின்னப்பட்டு வருகிறது என்று பொருள். மேலே இலை பச்சையாகவே இருக்கலாம், காயும் காய்க்கலாம். ஆனால் தாங்கும் வேர் உக்கிவிட்டது. வீட்டுக்குப் பன்னிரண்டு அடியில் இப்படியொரு மரம் நின்றால் தறிக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

காளான் இல்லையென்றால் அடுத்தது தட்டிப் பார்ப்பது. மரச் சுத்தியலாலோ, சுத்தியலின் பிடியாலோ அடிமரத்தைச் சுற்றி ஒரு சாணுக்கு ஒரு தட்டாக, நிலத்திலிருந்து நெஞ்சளவு உயரம் வரை தட்டுங்கள். திடமான இடம் ‘டக்’ என்று குறுகிய ஒலி தரும். பொந்து உள்ள இடம் பறை போல அதிரும். அதிரும் இடங்களைச் சோக்கால் வட்டமிட்டால் உக்கல் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று ஓரளவு தெரியும். பொந்தின் வாய் திறந்திருந்தால் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை உள்ளே விட்டு, கட்டை தட்டுப்படும் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். மூடிய பொந்தென்றால் நீளமான 5 மில்லிமீற்றர் அலகால் ஒரே ஒரு துளை போட்டுப் பார்க்கலாம். ட்றில் உள்ளே போகும்போது வெளிவரும் தூளைக் கவனியுங்கள். முதலில் வெளிர் மஞ்சளாகக் காய்ந்த தூள் வரும். திடீரென்று எதிர்ப்பில்லாமல் அலகு உள்ளே விழுந்து, தூள் கபிலமாகவும் ஈரமாகவும் வந்தால் அங்கே நல்ல கட்டை முடிந்துவிட்டது. அலகில் அந்த இடத்தை விரலால் பிடித்துக்கொண்டு அளவெடுங்கள். துளைகளைக் கூட்ட வேண்டாம். ஒவ்வொன்றும் மரத்துக்கு ஒரு புதுக் காயம்.

மரம் தாங்குமா என்பதற்குப் பரவலாகக் கையாளும் கணக்கு ஒன்று உண்டு. சுற்றி நிற்கும் நல்ல கட்டையின் தடிப்பு, அடிமர ஆரையின் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். உங்கள் மரத்தின் சுற்றளவு ஆறு அடி, அதாவது 72 அங்குலம். விட்டம் ஏறக்குறைய 23 அங்குலம், ஆரை பதினொன்றரை. எனவே சுற்றிவர நான்கு அங்குல நல்ல கட்டை இருந்தால் நடுவில் பொந்து இருந்தாலும் மரம் நிற்கும். மூன்றுக்குக் கீழே போனால் ஆபத்து. பொந்தின் வாய் சுற்றளவில் மூன்றில் ஒன்றுக்கு மேல் திறந்திருந்தால் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம், பிளந்த குழாய் போல மடியும். மரம் புதிதாகச் சாய்ந்திருந்தாலோ, சாய்வுக்கு எதிர்ப்பக்கத்தில் நிலம் வெடித்து உயர்ந்திருந்தாலோ கணக்கே தேவையில்லை. 2020 மார்கழி 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் நடுவே கரையேறியது. அந்தக் காலத்து மழையில் மண் ஊறியிருக்கும், வேர்ப்பிடி இளகியிருக்கும். சோளகத்தில் சமாளித்த மரம் கார்த்திகை, மார்கழிக் காற்றில் விழுவது இதனால்தான்.

தறிப்பதாக முடிவானால் சில சொல்ல வேண்டியிருக்கிறது. கூரைக்கு இவ்வளவு கிட்ட நிற்கும் மரத்தை அடியில் வெட்டிச் சாய்க்க முடியாது. மேலிருந்து துண்டு துண்டாகக் கயிறு கட்டி இறக்க வேண்டும். பழக்கமுள்ள ஆட்களிடம் கொடுங்கள். மின்கம்பி பக்கத்தில் ஓடினால் மின்சார சபைக்கு அறிவித்து இணைப்பை நிறுத்திய பின்னரே கொப்பில் கை வைக்க வேண்டும். வன்னி மரங்களில் ஷெல் துண்டும் சன்னமும் புதைந்திருப்பதை மரம் அரிபவர்கள் அறிவார்கள். செயின் வாள் அதில் பட்டால் சங்கிலி அறுந்து வெட்டுபவர் மேல் பாயும். வெட்டும் இடத்தில் பட்டையில் பழைய வட்டத் தழும்பு, உள்ளிழுத்த முடிச்சு இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டிய கட்டையில் மை சிந்தியது போலக் கறுநீலக் கறை தெரிந்தால் அருகில் இரும்பு கிடக்கிறது. அங்கே வாளை நிறுத்தி ஓரடி மேலோ கீழோ மாற்றி வெட்டச் சொல்லுங்கள். அடிக்கட்டையை எரித்து அழிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. போர் நடந்த நிலத்தில் அதைச் செய்யவே வேண்டாம். வேருக்குள் என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நில மட்டத்துக்கு அறுத்து, மேலே ஆழமான துளைகள் போட்டு, மாட்டெருவும் மண்ணும் நிரப்பி ஈரமாக மூடி வைத்தால் இரண்டு மூன்று மாரியில் தானாக உக்கும்.

அதே வளவில் பலாவோ ஈரப்பலாவோ பெண் பனையோ நோய்ப்பட்டு நின்றால் அதைத் தறிக்க அனுமதி எடுக்க வேண்டும். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் அவற்றைக் காக்கிறது. ஜி.எஸ். (கிராம சேவகர்) ஊடாகப் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பியுங்கள். தறித்த மரத்தை, எந்த மரமானாலும், வாகனத்தில் ஏற்றி வெளியே அனுப்பப் போவதாக இருந்தால் ஜி.எஸ்.ஸிடம் முதலே கேட்டுக்கொள்வது நல்லது.

அடி திடமாக இருக்கிறது, காளான் இல்லை, நான்கு அங்குலக் கட்டை இருக்கிறது என்றால் மரத்தைக் காப்பாற்றலாம். நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அதற்கே வாய்ப்பு அதிகம்.

முதலில் மரத்தூளைக் கவனியுங்கள், அது அவசரமானது. மாமரத் துளைவண்டின் புழு உள்ளே வேலை செய்கிறது. வண்டு இரண்டு அங்குலம் வரை நீளமானது, சாம்பல் கலந்த கபில நிறம், நீண்ட உணர்கொம்பு, தலைக்குப் பின்னால் இரண்டு இளஞ்சிவப்புப் புள்ளிகள். பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். பொரிக்கும் புழு காலில்லாதது, வெண்மஞ்சள் நிறம், முற்றினால் விரல் தடிப்பில் மூன்று அங்குலத்தைத் தாண்டும். அது முதலில் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே ஓடித் தின்கிறது. மரத்தின் உணவோட்டம் அங்கேதான் இருக்கிறது. புழு ஒரு சுற்று முழுவதும் ஓடிவிட்டால் மேலே எல்லாம் காயும். பிறகு கட்டைக்குள் இறங்கும். உள்ளே ஒரு வருடம் வரை, சிலவேளை அதற்கு மேலும் இருக்கும்.

மாலையில் அடிமரத்தில் ஒட்டியிருக்கும் தூளையெல்லாம் பழைய தும்புத்தடியால் தட்டிச் சுத்தமாக்கிவிடுங்கள். காலையில் எந்தத் துளையின் வாயில் புதிதாக ஈரமான, நார் நாரான தூள் தள்ளியிருக்கிறதோ அங்கேதான் புழு இருக்கிறது. காய்ந்து கறுத்த தூளுள்ள துளை பழையது, வண்டு வெளியேறிவிட்டது. புதுத் துளையின் வாயைக் கத்தி முனையால் கொஞ்சம் அகட்டி, சைக்கிள் பிரேக் கம்பியின் நுனியை ஊசிக் கொக்கி போல வளைத்து உள்ளே விடுங்கள். ஓட்டை மேல்நோக்கித்தான் பெரும்பாலும் போகும். கம்பியைத் திருகித் திருகி முட்டும்வரை விட்டு இழுத்தால் புழு கொக்கியில் வரும், அல்லது கம்பி நுனியில் வெள்ளைக் கூழ் ஒட்டியிருக்கும். இரண்டும் ஒன்றுதான். எதுவும் வராவிட்டால் பஞ்சை ஐந்து மில்லிலீற்றர் மண்ணெண்ணெயில் தோய்த்து உள்ளே தள்ளி, சாணம் குழைத்த களிமண்ணால் வாயை இறுக்கமாக அடைத்துவிடுங்கள். ஐந்து மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டாம், கூடினால் சுற்றியிருக்கும் உயிருள்ள பட்டையும் வேகும். பத்து நாள் கழித்து மறுபடி பாருங்கள். களிமண்ணைத் துளைத்துக்கொண்டு தூள் வந்திருந்தால் திரும்பச் செய்யுங்கள். உள்ளிருந்து நீர் வடிந்து களிமண் நனைவதும் புழு இன்னும் இருப்பதற்கு அடையாளம்.

தமிழ்நாட்டு வீடியோக்களிலும் பழைய விவசாயக் குறிப்புகளிலும் இந்தத் துளைக்கு மோனோகுரோட்டோபொஸ் ஊற்றச் சொல்வார்கள். இலங்கையில் அது 1995 முதல் தடை. யாராவது பழைய போத்தல் வைத்திருந்து தந்தாலும் வாங்க வேண்டாம். அது மரத்துக்குள் ஏறிக் காய்க்கும் போகும், அந்த மாம்பழத்தைப் பிள்ளைகள்தான் சாப்பிடப் போகிறார்கள். கடையில் தந்த போத்தலின் பெயரையும் 1920 என்ற விவசாயத் திணைக்கள ஆலோசனை இலக்கத்துக்கு அழைத்தோ, கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடமோ சொல்லிக் கேளுங்கள். பெயர்ச்சீட்டில் மாமரம் என்று இல்லாத மருந்தை மாமரத்துக்கு அடிப்பது சரியல்ல.

குண்டூசி முனையளவில் ஏராளமான துளைகளும் அரிசிமா மாதிரித் தூளும் கண்டால் அது வேறு சிறு வண்டு. ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கும் கட்டையைத் தேடித்தான் வரும், அந்தக் கொப்பை வெட்டுவது தவிர வழியில்லை. கறையான் புற்றும் அப்படியே. செத்த பட்டையைத் தின்கிறதே தவிர மரத்தைக் கொன்றது அதுவல்ல. முசுறுக் கூட்டை மட்டும் கலைக்காதீர்கள். கடிக்கும்தான், ஆனால் மரத்தில் பூச்சி பிடிப்பதில் அதற்கு இணையில்லை.

அடுத்தது பிசின். மாமரத்தில் காயம் பட்டாலே பிசின் வரும், பிசின் என்பது நோயின் பெயரல்ல. பிசின் வடியும் இடத்தில் கூரான கத்தியால் பட்டையை விரல் நகமளவு சீவுங்கள். உள்ளே பச்சையாகவோ வெளிறிய மஞ்சளாகவோ இருந்தால் மேலோட்டமான காயம், விட்டுவிடலாம். கபிலமாக, ஈரமாக, கட்டையிலும் கறை ஓடியிருந்தால் பூஞ்சணம் இறங்கியிருக்கிறது. கொப்பு நுனி காய்வதும் பெரும்பாலும் அதே பூஞ்சணம்தான். வெயிலிலும் வரட்சியிலும் தளர்ந்த மரத்தின் காயம் வழியாக உள்ளே போகிறது. காய்ந்த இலை உதிராமல் கொப்பிலேயே சுருண்டு தொங்குவது இதன் தனி அடையாளம்.

கறைபட்ட பட்டையை நல்ல பட்டை தெரியும்வரை சீவி எடுக்க வேண்டும். நல்ல பட்டையிலும் அரை அங்குலம் உள்ளே போங்கள். காயத்தை மேலும் கீழும் கூரான நீள்வட்டமாக வடிவமைத்தால் தண்ணீர் தேங்காமல் வடியும், ஓரமும் விரைவில் மூடும். கீழே உரச்சாக்கை விரித்து வைத்துக்கொண்டு சீவுங்கள். விழுந்ததையெல்லாம் மரத்திலிருந்து தள்ளிக் கொண்டுபோய் எரியுங்கள். ஒரே நேரத்தில் சுற்றளவில் மூன்றில் ஒன்றுக்கு மேல் சீவ வேண்டாம், அடுத்த பக்கத்தை மறு வருடம் பார்க்கலாம். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தியை ஸ்பிரிற்றால் துடையுங்கள். சோம்பலில் இதை விட்டால் நோயை நாமே அடுத்த கொப்புக்குக் கொண்டுபோகிறோம்.

காய்ந்த கொப்பில் வெட்டும் இடத்தை நகம் சொல்லும். நுனியிலிருந்து அடிநோக்கி நகத்தால் கீறிக்கொண்டே வாருங்கள். பச்சை தெரியும் இடத்திலிருந்து இன்னும் நான்கு அங்குலம் கீழே வெட்டுங்கள். வெட்டுமுகத்தில் கபில வளையமோ புள்ளியோ தெரிந்தால் இன்னும் கீழே போக வேண்டும், முகம் ஒரே வெளிறிய நிறமாக வரும்வரை. தடித்த கொப்பை ஒரே வெட்டில் எடுத்தால் அது விழும் பாரத்தில் அடிமரப் பட்டையை உரித்துக்கொண்டு போகும். முதலில் கொப்பின் கீழ்ப்பக்கம், அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, மூன்றில் ஒரு பங்கு ஆழம் அறுங்கள். பிறகு அதிலிருந்து இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து அறுத்துக் கொப்பை விழுத்துங்கள். மிஞ்சிய கட்டையைக் கடைசியாக, கொப்பு அடிமரத்தோடு சேரும் இடத்தில் பருத்துச் சுருங்கிய வளையம் ஒன்று இருக்கும், அதற்கு வெளியே அறுங்கள். வளையத்தை வெட்டினாலும் காயம் மூடாது, வளையத்துக்கு வெளியே முழம் நீளக் கட்டை விட்டாலும் மூடாது. பச்சையாக உள்ள கொப்பில் கால்வாசிக்கு மேல் ஒரே வருடத்தில் கழிக்க வேண்டாம்.

மேலே ஏறியிருக்கும்போது குருவிச்சை இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அதன் இலையை மட்டும் பிய்த்தால் மீண்டும் தளிர்க்கும். ஒட்டிய இடத்துக்கு ஓரடி கீழே கொப்போடு வெட்டுங்கள், அது காய்க்குமுன்.

இனி, சீவிய இடத்தையும் வெட்டுமுகத்தையும் பூஞ்சணத்திலிருந்து காக்கப் பூசும் போர்டோப் பசை. ஒரு லீற்றர் செய்ய மயில்துத்தம் (செப்பு சல்பேற்று) 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம். நீற்றின சுண்ணாம்புத் தூள்தான் கிடைக்கிறதென்றால் 130 கிராம். இரும்பு, அலுமினியப் பாத்திரம் ஆகாது, செம்பு அதைத் தின்றுவிடும். இரண்டு பிளாஸ்ரிக் வாளி எடுங்கள். ஒன்றில் அரை லீற்றர் தண்ணீரில் மயில்துத்தத்தைப் பொடித்துக் கரையுங்கள், சுடுநீரென்றால் விரைவில் கரையும். மற்றதில் சுண்ணாம்பை அரை லீற்றரில் கரைத்து, சூடு ஆறவிட்டு, கல்லை வடித்து எடுங்கள். இரண்டும் ஆறியபின் மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். வான்நீலத்தில் தயிர் போல வரும். சுத்தமான ஒரு இரும்பு ஆணியை ஒரு நிமிடம் அதில் விட்டு எடுங்கள். ஆணியில் செம்புநிறம் படிந்திருந்தால் சுண்ணாம்பு போதாது, இன்னும் சேருங்கள். இந்தச் சோதனையைத் தவிர்த்துப் பூசினால் மிஞ்சிய செம்பு பட்டையை எரித்துவிடும். ஆணி மாறாமல் வந்தால் பசை சரி. சீவிய இடம், வெட்டுமுகம் எல்லாவற்றிலும் தூரிகையால் பூசுங்கள். அன்றே பாவித்து முடித்துவிடுங்கள், அடுத்த நாள் அதற்குச் சக்தியில்லை. வாளியைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கழுவ வேண்டாம், மீனுக்கு அது நஞ்சு. ஆட்டை இரண்டு வாரம் மரத்தடியில் கட்டாதீர்கள்.

தார் பூச வேண்டாம். அது காயத்துக்குள் ஈரத்தைப் பூட்டி வைக்கும். சீமெந்தும் அப்படித்தான். மரம் காற்றில் அசையும், சீமெந்து அசையாது, நடுவில் விழும் இடைவெளியில் மழைநீர் இறங்கும். உள்ளே உக்கல் யார் கண்ணிலும் படாமல் வளரும். முன்பு நிபுணர்களே பொந்தை நிரப்பினார்கள். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்து, மரம் உக்கலைத் தானே சுவர் எழுப்பி அடைக்கிறது என்று 1970களில் காட்டிய பிறகு அது கைவிடப்பட்டது. பொந்தைச் சுரண்டிச் சுத்தப்படுத்தப் போனால் அந்தச் சுவரைத்தான் உடைப்போம். தளர்ந்த கட்டையைக் கையால் எடுங்கள், அத்தோடு நிறுத்துங்கள்.

காலம் முக்கியம். கறுத்தக்கொழும்பான் காய் முடிந்து ஆடி, ஆவணியில் வெட்டும் சீவலும் முடிந்துவிட வேண்டும். பூஞ்சணத்தின் வித்து மழையில் பரவும். ஐப்பசி மழைக்குள் புதுக்காயம் இருக்கக் கூடாது. புரட்டாதிக் கடைசியில் பசையை இன்னொரு தடவை பூசுங்கள். கிழக்குக் கொப்புப் போனதால் வெறுமையாக வெயில் படும் பட்டைக்கு வெறும் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். வெந்த பட்டை வெடிக்கும், வண்டு அந்த வெடிப்பைத்தான் தேடும்.

தண்ணீரை அடிமரத்தில் ஊற்றிப் பயனில்லை. கொப்பு வீச்சின் விளிம்புக்கு நேர்கீழே அரையடி ஆழத்தில் சுற்று வாய்க்கால் வெட்டி, பங்குனி முதல் புரட்டாதி வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை 200, 300 லீற்றர் மெதுவாக விடுங்கள். ஆனால் உருத்திரபுரம் இரணைமடு வாய்க்கால் பாயும் பக்கம். பக்கத்தில் வயல் இருந்தால் சிறுபோகத்தில் நிலத்தடியில் ஏற்கெனவே ஈரம் நிற்கும். ஓரடி தோண்டிப் பிடிக்கும் மண் உருண்டை கையில் ஒட்டினால் தண்ணீர் விட வேண்டாம். காய்ந்த இலைகளை நான்கு அங்குலத்துக்குப் பரப்பி மூடுங்கள், அடிமரத்திலிருந்து ஓரடி விட்டு. யூரியா இந்த வருடம் கிட்டவே வேண்டாம். நோய்ப்பட்ட மரத்தில் அது மெல்லிய தளிரைத் தள்ளும், அந்தத் தளிர்தான் முதலில் கருகும். முதல் மழையோடு உக்கிய மாட்டெரு 20 தொடக்கம் 25 கிலோவை அந்தச் சுற்று வாய்க்காலில் போட்டு மூடினால் போதும்.

மாசியில் மறுபடி காயத்தைப் பாருங்கள். சீவிய இடத்தின் ஓரத்தில் உதடு போல உருண்ட புதுப்பட்டை எழும்பியிருந்தால் மரம் மூடத் தொடங்கிவிட்டது. முதல் வருடத்தில் அரை அங்குலம் வந்தாலே நல்லது. ஓரம் தட்டையாக, கறுப்பாக, பட்டை விலகி நின்றால் கறை இன்னும் ஓடுகிறது, அந்தப் பக்கத்தை மட்டும் ஆடியில் திரும்பச் சீவுங்கள். அந்த வருடம் பூ வந்தாலும் பிஞ்சில் பாதியை உதிர்த்துவிடுங்கள், பிள்ளைகள் கோபித்தாலும் பரவாயில்லை.